விலையும் வரிசையும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன மாதம் மளிகைச் சாமான் மட்டும் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. விலை ஏறாத பொருளில் எடை குறைந்திருக்கிறது. அதே வாரம் பேப்பரைத் திறந்தால் கம்பெனிகளின் காலாண்டு லாபம். முதலாளித்துவமே இப்படித்தானா, அல்லது சில முதலாளிகளின் பேராசையா? 'புலம்பாதே, அதே கம்பெனியின் பங்கை வாங்கு' என்கிறார்கள் நண்பர்கள். அம்மா இன்னும் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தார். நாம் என்ன அவ்வளவு மோசமாகவா போய்விட்டோம் என்று சண்டை போட்டு நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் மாற்ற வழியே இல்லையா?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ஒரு ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பிரித்தால் முதல் பிஸ்கட்டை நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு இறுக்கமாக இருக்கும். இப்போது குலுக்கினால் உள்ளே ஓடுகிறது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் எடையும் ஒரு கிராம் விலையும் போட்டிருக்கிறார்கள். பிஸ்கட் போன்ற பொருட்களை இன்னின்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று முன்பு சட்டம் இருந்தது. 2021-ல் விதியைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கிராம் விலை. அதாவது, அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், நாம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டும்.

'விலை ஏறாத பொருளில்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லோருமே இப்படித்தான் பேசுகிறோம். வெயில் ஏறுகிறது, விலை ஏறுகிறது. தக்காளிக்கு அது ஓரளவு பொருந்தும். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் மழை கெடுத்தால் கோயம்பேட்டில் விலை ஏறும். சோப்புக்கும் பற்பசைக்கும் எந்த மழை? அங்கே யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து ஏற்றுகிறார். ஏற்றுகிறவரைச் சொல்லாமல் பேசிப் பேசியே அவரை நாம் மறந்துவிட்டோம்.

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை, சலுகைகள் வேண்டாம் என்று சொல்கிற கம்பெனிகளுக்கு, 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். முதலீடு பெருகும், வேலை பெருகும் என்றார்கள். மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே என்ன சொல்கிறது? 2023-24-ல் கம்பெனி லாபம் பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உச்சம். லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தபோது அவர்கள் தந்த வேலை வளர்ந்தது வெறும் 1.5 சதவீதம். எழுதியவர்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை, நிதி அமைச்சகத்தில் இருப்பவர்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்புவுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது. நல்ல காரியம். ஆனால் வரியைக் குறைத்தும் விலையைக் குறைக்காத கம்பெனி மீது புகார் கொடுக்க ஜிஎஸ்டி சட்டத்தில் ஒரு வழி இருந்தது, கொள்ளை லாபத் தடுப்பு என்று. அதில் புதிய புகார்களை வாங்குவதை அதே ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். கதவை அடைத்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து வரிக் குறைப்பு வருகிறது. கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலாளித்துவமா பேராசையா என்ற கேள்வியில் எனக்கு இப்போது ஆர்வம் இல்லை. எங்கள் தெரு அண்ணாச்சிக்கும் ஆசை இருந்தது. அவர் பருப்பில் ஐந்து காசு கூட்டினால் நாலு வீடு தள்ளி இன்னொரு கடை இருந்தது, அவ்வளவுதான். அந்த இன்னொரு கடையை ஒழித்துவிட்டார்கள் என்பதுதான் இன்றைய சிக்கல். ரிசர்வ் வங்கியின் முன்னாள் துணை ஆளுநர் விரல் ஆச்சார்யா 2023-ல் இதைத்தான் சொன்னார்: ஐந்து பெரிய தொழில் குழுமங்களின் கையில் சந்தை குவிந்ததற்கும் விலைவாசி இறங்க மறுப்பதற்கும் தொடர்பு உண்டு, அவற்றைப் பிரித்தால்கூட தப்பில்லை என்று.

இப்போது உங்கள்மேல் எனக்குள்ள கோபத்துக்கு வருகிறேன். அம்மாவை ஏன் நிறுத்தினீர்கள்? அந்த வரிசையில் என்ன கேவலத்தைக் கண்டீர்கள்? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, அரிசிக்குக் காசே கிடையாது. நாலு காசு மிச்சம் பிடிப்பது மட்டுமில்லை அது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டை வைத்துப் பிரித்தபோது, எல்லோருக்கும் உண்டு என்று நின்ற மாநிலம் இது. உங்கள் அம்மா அந்த வரிசையில் நிற்கும் வரைக்கும்தான் அது எல்லோருக்குமான கடை. படித்த பிள்ளைகள் கௌரவம் பார்த்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அது ஏழைகளின் கடை ஆகிவிடும். ஏழைகளின் கடையில் பருப்பு புழுத்திருந்தால் யார் கேட்பார்கள்? 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது சென்னையில் 60 ரூபாய்க்கு அரசு எங்கே வைத்து விற்றது? ரேஷன் கடையில்தான். கடை இருந்ததால் விற்க முடிந்தது. விலையைப் பற்றி எனக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிற நீங்கள், அந்த விலைக்கு எதிராக உங்கள் வீட்டில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆளைத் திட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நான் திருவல்லிக்கேணிக்காரன். எங்கள் பேட்டையில் 1904-லேயே கொஞ்சம் பேர் சேர்ந்து வியாபாரிகளை நம்ப வேண்டாம், நாமே கடை வைப்போம் என்று தொடங்கியதுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம், டி.யு.சி.எஸ். இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 1844-ல் நெசவாளிகளும் மற்றவர்களுமாக 28 பேர் செய்ததைப் பார்த்துச் செய்தது. நூற்றி இருபது வருஷம் தாண்டியும் இருக்கிறது. இதை நம் பள்ளிப் பாடத்தில் எத்தனை வரி சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எங்கள் அடுத்த தெருவிலும் சின்னதாக ஒரு கூட்டுறவுக் கடை இருந்தது. மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து சர்ரென்று நூலை இழுத்துப் பொட்டலத்தைக் கட்டுவார்கள். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அந்தக் கடையில் பத்து ரூபாய்ப் பங்கு வைத்திருந்தார். வாங்குகிற சாமானை எல்லாம் வீட்டுக்கு வந்து கைத்தராசில் மறுபடி நிறுப்பார். ஒரு நோட்டில் தேதி, விலை, எடை. வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு நடக்கும், இஸ்திரி போட்ட வேட்டியோடு போவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருதடவை என்னையும் கூட்டிப்போனார். நோட்டைப் பிரித்து, "மூட்டைக்கு மூணு கிலோ சேதாரம்னு போட்டிருக்கீங்க, எந்தப் பருப்பு இப்படிச் சேதாரம் ஆகும்?" என்று கேட்டார். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த மாதம் பருப்பில் பத்து காசு குறைந்தது. வருஷக் கடைசியில் வாங்கின கணக்குக்கு ஏற்ப லாபத்தில் ஒரு பங்கு வரும். அந்தப் பணத்தில் அம்மா வாங்கிய எவர்சில்வர் டம்ளரில்தான் இன்றைக்கும் காபி குடிக்கிறேன்.

அப்பா போனபிறகு பொதுக்குழு அறிவிப்பு என் பெயருக்கு வந்தது. நான் போகவில்லை. ஒரு வருஷம் இல்லை, ஏழு வருஷம் போகவில்லை. என்னைப் போலவே மற்றவர்களும். கேட்க ஆளில்லாத கடையில் என்ன நடக்குமோ அது நடந்தது. முதலில் எடை, அப்புறம் கணக்கு. கடைசிப் பொதுக்குழுவை நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூடச் சேரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அறிவிப்புக் கடிதங்கள் ஞாபகம் வரும். அதனால்தான் உங்கள்மேல் இவ்வளவு கோபம் வந்தது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பங்கு வாங்குவது உங்கள் விருப்பம். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த மாதம் அவரோடு நீங்களும் போய் நில்லுங்கள். வீட்டில் தராசு இருந்தால் பருப்பை நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் மறுநாளே போய்க் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.