வாடகை ஃபிளாட்ல மூட்டைப்பூச்சி, ஓனர் "நீங்கதான் கொண்டு வந்தீங்க"ன்னு சொல்றார், என்ன பண்றது?

ஒரு சகோதரி எழுதி கேட்டிருக்காங்க. அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில வாடகைக்கு இருக்காங்க, ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமே இல்ல, குழந்தைக்கு கை கால் எல்லாம் தடிப்பு. ஸ்ப்ரே வாங்கி மூணு தடவை அடிச்சாச்சு, ஒரு வாரம் அடங்குது, அப்புறம் பழையபடி. ஓனர் "நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒண்ணும் இல்ல"ன்னு கைய விரிச்சிட்டார். கட்டில் மெத்தைய தூக்கிப் போட்டுட்டு வீட்டை காலி பண்ணிடலாமான்னு கேக்குறாங்க.

வேண்டாம் சகோதரி. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டை கொளுத்தின கதையா ஆயிடும். காலி பண்ணினா உங்க பெட்டிலயும் நாற்காலி இடுக்குலயும் ஒளிஞ்சு அதுவும் சேர்ந்துதான் புது வீட்டுக்கு வரும்.

மொதல்ல மனசுல இருக்கிற கூச்சத்தை எடுத்துடுங்க. இது அழுக்கு வீட்டுல மட்டும் வர்ற பூச்சி இல்ல, அதுக்கு வேண்டியது ரத்தம் மட்டும்தான், எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் வரும். வெளியூர் போன பெட்டியில வரும், பழைய சோஃபாவுல வரும், பக்கத்து ஃபிளாட்லேர்ந்து சுவர் வழியா வரும். நான் இத்தனை வருஷமா பூச்சி ஒழிக்கிற வேலையில பார்த்தது என்னன்னா, வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம மறைக்கிற அந்த ரெண்டு மூணு மாசத்துலதான் ஒரு வீட்டு பிரச்சனை நாலு வீட்டு பிரச்சனையா ஆகுது.

தடிப்பை மட்டும் வச்சு மூட்டைப்பூச்சிதான்னு முடிவு பண்ணாதீங்க. ஒரே கட்டில்ல படுத்தாலும் சிலருக்கு தடிப்பே வராது, கடிச்சது கூட தெரியாது. டார்ச் எடுத்துக்கங்க, ஒரு பழைய கார்டு எடுத்துக்கங்க, மெத்தையோட ஓரத் தையல், கட்டில் சட்டம் சேர்ற மூலை, ஸ்க்ரூ ஓட்டை, தலைமாட்டு பலகைக்கு பின்பக்கம், இங்கெல்லாம் கார்டை மெதுவா விட்டு இழுங்க. பேனா முனையால குத்தின மாதிரி கருப்பு புள்ளிங்க கூட்டமா இருக்கும், ஈரத் துணியால தொட்டா செம்பழுப்பா இழுசும், அது அதோட கழிவு, செரிச்ச ரத்தம். கூடவே உரிச்சுப் போட்ட தோல், ஒரு மில்லிமீட்டர் அளவுல வெள்ளையா ஒட்டியிருக்கிற முட்டை. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், தட்டையா பழுப்பா இருக்கும், ரத்தம் குடிச்சா உப்பி சிவந்துடும்.

இப்போ ஸ்ப்ரே ஏன் வேலை செய்யலன்னு பார்ப்போம். கடையில விக்கிற ஸ்ப்ரேல பெரும்பாலும் இருக்கிறது பைரித்ராய்டு வகை மருந்து, உலகம் பூரா மூட்டைப்பூச்சி அதுக்கு பழகிப்போச்சு. ரெண்டாவது, முட்டை அவ்வளவா சாகாது, 6லேர்ந்து 10 நாள்ல பொரிச்சிடும், அதனாலதான் உங்களுக்கு அந்த ஒரு வார நிம்மதி. மூணாவதுதான் மோசம், மருந்து பட்டு பிழைச்சது எல்லாம் கட்டிலை விட்டு சுவர் இடுக்குக்கும் அடுத்த ரூமுக்கும் போயிடும். புகை குண்டு வைக்கிறதும் அப்படித்தான், இடுக்குக்குள்ள அந்த புகை போறதே இல்ல.

ஒரு ஃபிளாட்ல மூணு தடவை மருந்து அடிச்சும் திரும்ப திரும்ப வந்துச்சு. கடைசியா கட்டில் தலைமாட்டுல இருந்த ஸ்விட்ச் போர்டை மெயின் ஆஃப் பண்ணிட்டு கழட்டினோம், வயர் போற பைப் வாயில வரிசையா உக்காந்திருக்கு, அந்த பைப் அந்தப் பக்கம் போய் திறக்கிறது பக்கத்து வீட்டு பெட்ரூம்ல. அங்கயும் பார்த்தா மெத்தை பூரா புள்ளி. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து பண்ணினப்புறம்தான் அடங்குச்சு.

அதனால ஓனர்கிட்ட வாய்ச்சண்டை வேண்டாம், எழுத்துல குடுங்க. தேதி, போட்டோ, எந்தெந்த ரூம், இது வரைக்கும் நீங்க என்ன பண்ணினீங்க எல்லாம் இருக்கட்டும். ரெண்டு பக்க வீடு, மேல வீடு, கீழ வீடு நாலையும் பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து பார்க்கணும்னு கேளுங்க, அசோசியேஷன் இருந்தா அவங்களுக்கும் ஒரு காப்பி. யார் கொண்டு வந்தாங்கன்னு பூச்சிய பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. வளர்ந்த பூச்சி சாப்பாடே இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால வீடு பூட்டிக் கிடந்துச்சு, அப்போ இல்லன்னு சொல்றது ஆதாரமே இல்ல. செலவு யாரோடதுங்கிறது ஊருக்கு ஊர் சட்டம் மாறும், உங்க அக்ரிமெண்ட்டை படிச்சு பாருங்க, கோவத்துல வாடகைய மட்டும் நிறுத்திடாதீங்க, அது உங்க மேலயே திரும்பும்.

வீட்டுக்குள்ள நீங்க பண்ண வேண்டியது சூடு. படுக்கை துணி எல்லாத்தையும் அந்த ரூம்லயே பையில கட்டி எடுத்துட்டுப் போய் 60 டிகிரி தண்ணில துவைங்க, டிரையர் இருந்தா ஃபுல் சூட்டுல 30 நிமிஷம். மெத்தைய வெயில்ல போடுறதை மட்டும் நம்பாதீங்க, மேல சுடும், பூச்சி உள்ள குளிர்ச்சியான இடத்துக்கு போயிடும், மெத்தையோட உட்பக்கம் வரைக்கும் 48 டிகிரிக்கு மேல சூடு ஒன்றரை மணி நேரம் நிக்கணும். மெத்தைய ஜிப் வச்ச முழு உறையில போட்டு ஒரு வருஷம் திறக்காதீங்க. கட்டிலை சுவத்துலேர்ந்து நகர்த்தி, போர்வை தரையில தொங்காம பார்த்துக்கிட்டு, கட்டிலோட நாலு காலுக்கு அடியிலயும் பூச்சி பிடிக்கிற கிண்ணம் (ஏற வர்ற பூச்சி உள்ள விழுந்து மாட்டிக்கும்) வைங்க. பயந்து ஹால்ல போய் படுக்காதீங்க, மூச்சுக்காத்தையும் உடம்பு சூட்டையும் தேடி அங்கயும் வந்துடும்.

ஒண்ணு மட்டும் கை எடுத்து கும்பிட்டு கேக்குறேன், மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை எவன் குடுத்தாலும் வீட்டுக்குள்ள வைக்காதீங்க. அதுலேர்ந்து வர்ற பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியா பக்கத்து வீட்டுல தூங்குற குழந்தைய கூட கொன்னுடும்.

ஆள் வந்து மருந்து அடிச்சா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கண்டிப்பா வரணும்னு முன்னாடியே பேசிக்கங்க, பொரிச்சு வந்த குஞ்சை அப்போதான் பிடிக்க முடியும். அப்புறம் ரெண்டு மாசம் வாரா வாரம் கிண்ணத்தை பாருங்க. இன்னைக்கு ராத்திரி டார்ச்சோட பார்க்கும்போது ஒரு பூச்சி கிடைச்சா நசுக்கிடாதீங்க, செல்லோடேப்ல ஒட்டி தேதி எழுதி வைங்க, ஓனருக்கு அனுப்புற கடிதத்தோட அந்த போட்டோவும் போகட்டும்.