மருந்தின் அளவைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்போது செவிலியர் ஏன் மருந்துக் கணக்கு படிக்க வேண்டும்?

எடையைத் தட்டினால் மருந்தின் அளவைக் கணினியே சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்காக நர்சிங் பாடத்தில் மருந்துக் கணக்கை வைத்து வதைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'வதைக்கிறார்கள்' என்ற சொல்லைப் பார்த்தால் நீங்கள் பி.எஸ்ஸி. நர்சிங் முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ இருக்க வேண்டும், அண்மையில் ஏதோ ஓர் உள்தேர்வு காலை வாரியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 11 ஆண்டுகளாகச் செவிலியர். அவற்றில் 7 ஆண்டுகள் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன்.

படிக்கத்தான் வேண்டும். கணினி பழுதாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று உங்கள் ஆசிரியர்கள் காரணம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்தக் காரணத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, ஏனென்றால் கணினி படுத்துவிட்ட நாளில் வார்டில் எல்லோரும் இரட்டிப்பு விழிப்போடு இருப்பார்கள். என் கை தவறியது கணினி மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவில்.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுத ஒருவராவது வருவார். கேஸ் ஷீட்டில் மருத்துவர்கள் கையால் ஆர்டர் எழுதிய காலத்திலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். முன்னால் சுழியம் இல்லாமல் எழுதிய .5 என்பது 5 ஆகத் தெரியும், 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50 ஆகும். இன்சுலின் 4 யூனிட் என்பதற்கு எண்ணை ஒட்டி ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியம் போலத் தோன்றி 40 ஆகும். இவை பல நாடுகளிலும் நோயாளிகளுக்குத் தீங்கு செய்த பிழைகள். அச்சடித்த எழுத்தும் கட்டாயக் கட்டங்களும் வந்தபின் எங்கள் வார்டில் இவை ஏறக்குறைய மறைந்தே போயின. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய கையெழுத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை.

நடந்தது இது. புதிய மென்பொருள் வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒன்றேகால் வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. ரத்தத்தில் கிருமித் தொற்று இருக்கலாம் என்று வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு இந்த மருந்தை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மி.கி. வரை கணக்கிட்டு, அதை நான்காகப் பிரித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றுவது வழக்கம். 10 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 600 மி.கி., ஒரு வேளைக்கு 150 மி.கி. மருத்துவர் மனத்தில் இருந்ததும் அதுதான். அவர் 60 என்று தட்டினார். பக்கத்தில் இருந்த அலகுக் கட்டத்தில் 'கிலோவுக்கு, ஒரு வேளைக்கு' என்பது முன்கூட்டியே தேர்வாகி நின்றது. 'ஒரு நாளைக்கு' என்பதை அவரே தேடி எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. கணினி 60-ஐப் பத்தால் பெருக்கி, வேளைக்கு 600 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிக்கொண்டது. பெருக்கலில் ஒரு குறையும் இல்லை. பார்மசியில் இருந்தவர் 600 என்பதைப் பார்த்து 500 மி.கி. வயல் (மருந்துத்தூள் அடைத்த குப்பி) இரண்டை மேலே அனுப்பினார்.

இரவு 12 மணிக்கு முதல் டோஸ். அதைக் கலந்தவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன தங்கை ஒருவர். 500 மி.கி. வயலை 10 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருக்கும், 600 மி.கி.க்கு 12 மி.லி. எடுக்க வேண்டும், அதை மேலும் நீர்க்கச் செய்து மி.லி.க்கு 5 மி.கி. என்ற அடர்த்திக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 120 மி.லி. ஆகும். சிரிஞ்சில் உள்ள மருந்தை மெதுவாக ஏற்றும் எங்கள் சிரிஞ்ச் பம்ப்பில் பொருந்துவது 50 மி.லி. சிரிஞ்ச். அவர் என்னிடம் வந்து, "அக்கா, அம்பது சிரிஞ்சுல அடங்க மாட்டேங்குது, நூறு எம்.எல். சலைன்ல போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. சரியான அளவாக இருந்திருந்தால் 3 மி.லி. மருந்து, கலந்தபின் 30 மி.லி.; சிரிஞ்சில் தாராளமாக அடங்கியிருக்கும். நான் அதை யோசிக்கவில்லை. திரையைப் பார்த்தேன். குழந்தையின் கைப்பட்டையை ஸ்கேன் செய்தாயிற்று, வயலை ஸ்கேன் செய்தாயிற்று, இரண்டுக்கும் பச்சைக் குறி விழுந்திருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு என்ற கட்டத்தில் என் கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு, "போட்டுக்கோ" என்றேன். அந்த ஒரு சொல் இன்றுவரை எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

பத்து நிமிடம் கழித்து, பயன்படுத்திய மருந்துகளைக் கணக்கில் ஏற்றுவதற்காகக் காலி வயல்களை எண்ணினேன். பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு இரண்டு வயல். பெரியவர்களுக்கே இந்த மருந்தைப் பெரும்பாலும் வேளைக்கு 1 கிராம் அளவில்தான் ஏற்றுவோம்; அதுவும் இரண்டு வயல்தான். ஓடிப் போய்ப் பம்ப்பை நிறுத்தினேன். 600 மி.கி.யை 60 நிமிடத்தில் ஏற்றும்படி வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் 100 மி.கி. உள்ளே போயிருந்தது, உரிய அளவான 150-ஐ அது எட்டவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும் என்ற விதி காப்பாற்றியது. என் சரிபார்ப்பு காப்பாற்றவில்லை. நாளைக்கு 2,400 மி.கி. வீதம் இரண்டு நாள் போயிருந்தால் அந்தச் சிறுநீரகங்கள் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் எனக்குத் துணிவில்லை.

பச்சைக் குறிக்கு என்ன பொருள் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது. ஸ்கேனர் பார்ப்பது கையில் உள்ள வயலும் திரையில் உள்ள ஆர்டரும் ஒன்றுதானா என்பதை மட்டுமே. ஆர்டரே தவறென்றால், தவறான ஆர்டருக்குச் சரியான வயல் வந்திருக்கிறது என்று அது மனமார ஒப்புதல் தரும். மருத்துவர் கணினி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார், பார்மசிக்காரர் மருத்துவர் பார்த்திருப்பார் என்று இருந்தார், நான் மூவரையும் நம்பினேன்.

இதை எங்கள் ஊர் அலட்சியம் என்று தள்ளிவிட வேண்டாம். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவனுக்கு நேர்ந்தது, பின்னாளில் அங்குள்ளவர்களே வெளிப்படையாகப் பேசியதால் மருத்துவ உலகம் முழுவதும் அறிந்த செய்தி. அவன் வழக்கமாக உட்கொண்டது கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, ஒரு வேளைக்கு ஒன்று. அவன் எடை 38.6 கிலோ, 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் கிலோக் கணக்கில்தான் ஆர்டர் போட வேண்டும் என்பது அங்கே விதி. கிலோக் கணக்கில் வந்த அளவு மாத்திரையின் அளவோடு ஒத்துப்போகாததால், ஒரு மாத்திரையின் அளவான 160 மி.கி. என்று மாற்றிப் போடும்படி மருந்தாளுநர் கேட்டார். மருத்துவர் 160 என்று தட்டியபோது அலகுக் கட்டம் 'கிலோவுக்கு மி.கி.' என்பதிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை மாத்திரை. எச்சரிக்கைகள் திரையில் வந்தன. நாள்தோறும் வந்து குவியும் வெற்று எச்சரிக்கைகளோடு அவையும் மூடப்பட்டன. மருந்தைப் பொட்டலம் கட்டியது இயந்திரம். செவிலியருக்கு ஐயம் வந்தது. ஆனால் ஸ்கேனர் அத்தனை மாத்திரையும் சரி என்றது. சிறுவன் எல்லாவற்றையும் விழுங்கினான், சில மணி நேரத்தில் வலிப்பு வந்தது, நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டான். அந்தச் செவிலியரை யார் வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் கதையின் பின்பகுதி இன்னும் ஆறாத புண். மறுநாள் விசாரணை நடந்தது. மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர், அலகுக் கட்டம் வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது என்றார். மருத்துவரிடம் வாய்மொழியாகப் பேசினார்கள். எனக்கும் அந்தத் தங்கைக்கும் மட்டும் எழுத்து வடிவில் மெமோ வந்தது, ஏனென்றால் கடைசியாகப் பதிவான கடவுச்சொல் எங்களுடையது. பம்ப்பை நிறுத்தியதும் நான்தான், மருத்துவரை எழுப்பியதும் நான்தான், நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்ததும் நான்தான். அந்த மென்பொருளுக்கான பயிற்சியை மருத்துவர்களுக்கு மதிய உணவோடு அரங்கத்தில் வைத்தார்கள். எங்களுக்கு இரவுப் பணி முடிந்த காலையில், நின்றபடி முக்கால் மணி நேரம் நடத்தினார்கள். 12 படுக்கைகளுக்கு இரண்டு கணினிகள். வரிசையில் நின்று பதிவேற்றும்போது, சரியான நேரத்தில் கொடுத்த மருந்தும் 'தாமதம்' என்று சிவப்பில் விழும். ஆண்டு இறுதியில் அந்தச் சிவப்புகளை எண்ணிச் சம்பள உயர்வைக் குறைத்தார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் சிவப்புக்குப் பயந்து ஓடுகிறவர் இரண்டு வயலா என்று நின்று யோசிக்க மாட்டார்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் அந்தக் கட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது அலகு வெறுமையாக இருக்கும், மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். வேளைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களும் பெரிதாகத் தெரியும். குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு, உச்ச அளவைத் தாண்டினால் எச்சரித்துவிட்டு விடாமல் ஆர்டரையே தடுத்துவிடும். நல்ல மாற்றங்கள். இருந்தும் அலகை மனிதர்தான் தேர்ந்தெடுக்கிறார், எடையையும் மனிதர்தான் தட்டுகிறார். அவசரத்தில் வந்த குழந்தையின் எடையைத் தாயிடம் கேட்டு எழுதினார்களா, தராசில் வைத்துப் பார்த்தார்களா என்பது திரையில் தெரியாது. தெரிவதெல்லாம் ஓர் எண்.

சிரிஞ்ச் பம்ப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் விழுந்த 60 கிலோ நோயாளிக்கு நார்அட்ரினலின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம். 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. கலந்திருந்தால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம், மணிக்கு 4.5 மி.லி. ஓட வேண்டும். பம்ப் இதை நொடியில் கணக்கிடும். ஆனால் முந்தைய ஷிஃப்டில் யாரோ டபுள் ஸ்ட்ரெங்த், அதாவது இரு மடங்கு அடர்த்தியில் கலந்து வைத்துவிட்டுப் பம்ப்பில் பழைய அடர்த்தியையே விட்டுப் போயிருந்தால், திரையில் 0.1 என்றே காட்டிக்கொண்டு 0.2 ஓடும். சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதன் மேல் ஒட்டிய லேபிளைப் படித்துக் கணக்குப் போடுகிற உங்களுக்குத்தான் தெரியும்.

இன்சுலினைச் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலும் 100 யூனிட் உள்ளதும் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடி. திரை '10 யூனிட்' என்று மட்டும் சொல்லும். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது கால் மி.லி., அதாவது 25 யூனிட். இந்தப் பிழையை எந்த மென்பொருளும் பிடிக்காது, ஏனென்றால் அது நடப்பது திரைக்கு வெளியே, உங்கள் விரல்களுக்கு இடையில்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் கணக்கு விடாது. நம் மக்கள் மி.கி.யையும் 'மில்லி' என்பார்கள், மி.லி.யையும் 'மில்லி' என்பார்கள். எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் கணினி 'பாராசிட்டமால் 120 மி.கி.' என்று அச்சடிக்கும். கடையில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்பும் கிடைக்கும், 250 மி.கி. உள்ளதும் கிடைக்கும், ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் கிடைக்கும். தாய் கையில் இருப்பது மூடி. எந்தப் பாட்டில், எத்தனை மி.லி., மூடியில் எந்தக் கோடு என்று பேனாவால் எழுதி, கோட்டில் விரலை வைத்துக் காட்டித்தான் நான் அனுப்புவேன்.

ஆகவே சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதுவதோடு நிற்காதீர்கள். கணினி தரும் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, இது அரை வயலா, ஒரு வயலா, எத்தனை மாத்திரை வரும் என்று மனத்தில் ஒரு மதிப்பு போட்டுப் பழகுங்கள். என் முதல் இன்சார்ஜ் சிஸ்டர், ஒரு வேளைக்கு இரண்டு வயலோ மூன்று மாத்திரையோ எடுக்க நேர்ந்தால் கையை நிறுத்தி இன்னொருவரிடம் சொல் என்பார். அந்த இரவு அந்தத் தங்கை கையை நிறுத்தி, என்னிடம் வந்து சொல்லவும் செய்தார். காதில் வாங்காதவள் நான்.

அவர் இப்போது இங்கிலாந்து போவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அதன் முதல் பகுதியே மருந்துக் கணக்குதான். வாரத்துக்கு இரண்டு முறை கைப்பேசியில் அவருக்குக் கணக்கு அனுப்புகிறேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், உங்களுக்கும் அனுப்புகிறேன்.