“எந்த வசனம், எந்தச் சொல்?” – வேதபாடக் குழு நடத்துகிறவர்களுக்குக் கேள்வி பதில்

கருத்து வேறுபாடு உள்ளவர்களை வைத்து வேதபாடம் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஐயா, எங்கள் குழுவில் 14 பேர். மூன்று வேறு சபைப் பின்னணி. வாசித்துப் பத்து நிமிஷம் ஆவதற்குள் வாக்குவாதம் கிளம்பிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: முதல் தப்பு எண்ணிக்கை. பன்னிரண்டைத் தாண்டினால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு ஏழாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது ஒரே சபைக்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் பாருங்கள்.

இரண்டாவது, “இந்தப் பகுதி உங்களோடு என்ன பேசுகிறது?” என்றுதான் பெரும்பாலும் ஆரம்பித்திருப்பீர்கள். அது கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் என்ன எழுதியிருக்கிறது, பிறகு அதற்கு என்ன அர்த்தம், அதன்பின் நாம் என்ன செய்வது. இந்த வரிசை தலைகீழானால் ஆளாளுக்கு ஏற்கெனவே மனசில் இருக்கும் உபதேசத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

75 நிமிஷக் கூட்டம் என்றால் வாசிப்புக்கு 10, கவனிப்புக்கு (என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு) 25, அர்த்தத்துக்கு 20, நடைமுறைக்கு 15, ஜெபத்துக்கு 5. பகுதி 10 முதல் 15 வசனம் போதும். கவனிப்பு நேரம் முடியும்வரை வேறு எந்தப் புத்தகத்துக்கும் தாவக் கூடாது என்று ஒரே ஒரு சட்டம் போடுங்கள். சண்டைகளில் பாதி, “அங்கே அப்படிச் சொல்லியிருக்கே” என்ற தாவலில்தான் பிறக்கிறது.

பகுதியை அகலமான ஓரம் விட்டு, உபதலைப்புகளை எடுத்துவிட்டு அச்சடித்துக் கொடுங்கள். தலைப்புகள் பதிப்பாளர்கள் போட்டவை. அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் வந்தவை. 1 கொரிந்தியர் 10-ஐயும் 11-ஐயும் இடைவெளி இல்லாமல் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். 11:1 முந்தைய பேச்சின் முடிவு என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

கேள்வி: ஒரு அண்ணன் பேச ஆரம்பித்தால் பிரசங்கமே செய்துவிடுகிறார். வயதில் மூத்தவர், தடுக்க முடியவில்லை.

பதில்: அவரை உங்களுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்கும்போதுதான் பேச்சு நீளும். பேசத் தயங்குகிறவரை எதிரே வையுங்கள். அண்ணன் மூச்சு விடும் இடத்தில், “அண்ணா, அது எந்த வசனத்தில் வருகிறது? எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். மரியாதைக்குக் குறைவு இல்லை. வசனம் இருந்தால் குழு அதைப் பார்க்கும். இல்லையென்றால் அவரே நிறுத்திக்கொள்வார். இதுவும் பலிக்கவில்லையா, தனியாகச் சந்தித்து, அடுத்த வாரம் அந்தப் பகுதியின் பின்னணியை ஐந்து நிமிஷம் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல ஓர் இடம் கிடைத்தவர் மற்ற நேரத்தில் அடங்குவார்.

கேள்வி: கேள்வி கேட்டால் ஒரே அமைதி. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாலில் நீங்களே பதில் சொல்லிவிடுவதுதான் பழக்கமாகியிருக்கும்.

கேள்வி: விசுவாசமா கிரியையா என்று ரோமர் 3:28-ஐ ஒருவரும் யாக்கோபு 2:24-ஐ இன்னொருவரும் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எப்படி நடத்துவது?

பதில்: நல்ல சண்டை, வீணாக்காதீர்கள். பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யார் சரி என்று கேட்காமல், பவுல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார், யாக்கோபு எந்தக் கேள்விக்கு என்று கேளுங்கள்.

ரோமர் பக்கம்: “நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்” என்கிறார். அடுத்த வசனங்களில் யூதர், புறஜாதியார், விருத்தசேதனம் என்று பேச்சு போகிறது. யாக்கோபு பக்கம்: துணியும் சாப்பாடும் இல்லாதவனிடம் ‘சமாதானமாய்ப் போ’ என்று சொல்லி அனுப்பும் ஆள் (2:15-16), பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன (2:19). ‘விசுவாசம்’ என்ற சொல்லே இரண்டு பக்கமும் ஒரே எடையில் நிற்கவில்லை என்பது அப்போது கண்ணில் படும். இருவரும் ஆதியாகமம் 15:6-ஐ மேற்கோள் காட்டுகிறார்கள், யாக்கோபு கூடவே ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததையும் (ஆதி. 22) சேர்க்கிறார். இதைக் குழுவே கண்டுபிடிக்க விடுங்கள், 20 நிமிஷம் ஆகும். முடிவில் இருவரும் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்தவர் வசனத்தை இனிமேல் ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டார்கள்.

கேள்வி: “கிரேக்கத்தில் இதற்கு அர்த்தமே வேறு” என்று வாராவாரம் சொல்லும் ஒரு தம்பியை என்ன செய்வது?

பதில்: “அதே சொல் வேறு எங்கே வருகிறது?” என்று கேளுங்கள். அடிக்கடி வரும் உதாரணம் ‘அகாபே’. அது தேவ அன்பு, ‘ஃபிலியோ’ வெறும் நட்பு என்று யோவான் 21-ஐ வைத்துச் சொல்வார்கள். பிதா குமாரனிடம் அன்பாயிருக்கிறார் என்பதற்கு யோவான் 3:35இல் ‘அகபாவோ’ வினை வருகிறது, 5:20இல் ‘ஃபிலியோ’ வருகிறது. பவுலின் உடன் ஊழியனான தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்ததற்கும் (2 தீமோ. 4:10) ‘அகபாவோ’தான். மூன்று இடத்தையும் தம்பியையே வாசிக்கச் சொல்லுங்கள். அகராதியில் பார்த்த அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தை வளைக்க முடியாது என்பதை அவரே உணர்வார்.

கேள்வி: ஒருவர் வேதாகமத்தில் இருக்கும் வசனம் இன்னொருவர் மொழிபெயர்ப்பில் இல்லை. “வேதத்தை வெட்டிவிட்டார்கள்” என்று சண்டை.

பதில்: 1 யோவான் 5:7 என்று நினைக்கிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் உண்டு, புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இல்லை. காரணம் கையெழுத்துப் பிரதிகள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516, 1519 ஆண்டுகளில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்புகளிலும் இல்லை. 1522இன் மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். அதேபோல் மாற்கு 16:9-20, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் இல்லை. இந்தப் பகுதிகளை எடுக்கும் வாரத்தில் இதைச் சண்டை வருவதற்கு முன்பே, வாசிப்பு நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைப்பார்கள்.

கேள்வி: ஞானஸ்நானம் பற்றிய பகுதியைத் தவிர்த்துவிடலாமா? குழந்தை ஞானஸ்நானம் பெற்றவர்களும் முழுக்கு மட்டுமே செல்லும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

பதில்: தவிர்த்தால் காப்பி குடிக்கும் இடத்தில் பேசுவார்கள், அது இன்னும் மோசம். இரண்டு வாரம் முன்னே தேதி சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு பயிற்சி: ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தின் நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும், “ஆமாம், நாங்கள் சொல்வது அதுதான்” என்று அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை. முதல் முயற்சியில் ஒத்துக்கொள்வது அபூர்வம். அந்த இடறலில்தான் பாடம் இருக்கிறது. பிறகு அப்போஸ்தலர் 16:15, 16:31-34. வீட்டார் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இருக்கிறது, வயது சொல்லப்படவில்லை. குழந்தை இருந்தது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வசனம் எங்கே நிற்கிறது, நம் ஊகம் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லலாமா, ஐயா?

பதில்: கேட்டால் சொல்லுங்கள். கடைசியில், இரண்டு நிமிஷத்துக்குள், உங்கள் கருத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் வசனத்தையும் சேர்த்து. “எனக்குக் கருத்தே இல்லை” என்று நடிப்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: எபிரெயர் 6:4-6 படித்த அன்று ஒரு அக்கா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை.

பதில்: விழுந்துபோனவர்களைப் பற்றிய பகுதி அது. வீட்டில் விசுவாசத்தை விட்டுப்போன பிள்ளை ஒன்று இருந்தால், “இரட்சிப்பை இழக்க முடியுமா?” என்ற விவாதம் அவருக்கு விவாதமாகக் கேட்காது. இந்த மாதிரிப் பகுதிகளுக்கு முன்பு, இதை வாசிக்கும்போது யாராவது ஒரு முகம் மனசில் வரலாம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எழுந்து போனவரை அன்றைக்கே போனில் கூப்பிடுங்கள். குழு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுத வேண்டாம். “நாங்கள் சொன்னது சரிதான், ஆனாலும்…” என்று தொடங்கவும் வேண்டாம். “எப்படி இருக்கிறீர்கள் அக்கா?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசட்டும்.