641 எங்கிருந்து வந்தது?

கேள்வி: 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டினால் வரும் 4294967297 ஒரு முதன்மை எண் என்று பேர்மா நம்பியதாகவும், அதை 641 வகுக்கும் என்று ஒயிலர் காட்டியதாகவும் வகுப்பில் சொன்னார்கள். கணிப்பானில் போட்டேன், 6700417 என்று மீதியின்றி வருகிறது. கணிப்பான் இல்லாத காலத்தில், இத்தனை எண்கள் இருக்க 641ஐ எப்படித் தேடிப் பிடித்தார்? 6700417ஐ மேலும் உடைக்க முடியுமா?
– உயர்தர மாணவி, மாங்குளம்

பதில்: பேர்மா அப்படி நம்பியதில் வியப்பில்லை. இதே வரிசையில் முன்னால், அதாவது 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் 1ஐக் கூட்டினால், வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்களே. தொடர்ந்து வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் கடிதமொன்றில் எழுதினார். 1732இல் ஒயிலர் அதைப் பொய்யாக்கினார்.

ஒயிலரின் 641 எழுந்தமானமாகக் கிடைத்ததன்று. ஒரு முதன்மை எண் 4294967297ஐ வகுக்குமானால், அந்த முதன்மை எண்ணால் 2இன் வலுக்களை வகுக்கும்போது கிடைக்கும் மீதிகள் 64 படிக்கு ஒரு தடவை திரும்ப வரும். அந்த 64, முதன்மை எண்ணில் 1ஐக் குறைத்தால் வருவதை மீதியின்றி வகுத்தாக வேண்டும். ஆகவே 64இன் மடங்கொன்றைவிட 1 கூடிய எண்களுக்குள் மட்டும் தேடினால் போதும். 65, 129, 193 என்று எண்ணிக்கொண்டு போனால் 641 பத்தாவதாக வரும். முதன்மை அல்லாதவற்றைத் தள்ளினால் 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே மிஞ்சும். ஐந்து வகுத்தல் ஒரு பின்னேர வேலை. இதற்கு அடிப்படையான தேற்றம் பேர்மாவுடையதே. தம் கையிலிருந்த கத்தியை அவர் ஏன் எடுக்கவில்லை என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

நீங்களும் ஒரு தடவை கையால் வகுத்துப் பாருங்கள். 4294இல் 641 ஆறு தடவை போக 448 மிஞ்சும். 9ஐ இறக்கினால் 4489, அதில் ஏழு தடவை போக மீதி 2. அடுத்த இரண்டு இலக்கங்களுக்கும் விடையில் 0, 0 எழுத வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கடைசியில் அதே 448 மறுபடியும் மிஞ்சி, 7 இறங்கி 4487 ஆகும். இம்முறை ஏழு தடவை போனபின் எதுவும் மிஞ்சாது.

நம் கமக்காரர் கணக்கில் சொல்வதானால், ஒரு நெல்மணியை 32 தடவை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட 100 தொன் பொலி சேரும். அதை 2, 4, 8 என்ற வரிசையில் உள்ள எண்ணிக்கையிலான பங்குகளாக மட்டுமே மணிக்கணக்கில் சமமாகப் பிரிக்கலாம். இன்னும் ஒரேயொரு மணியைப் போட்டால் அந்த வழி முற்றாக அடைபட்டு, 641 பேருக்குப் பங்கிடும் வழி திறக்கும். ஒருவருக்கு 150 கிலோ அளவில் கிடைக்கும்.

6700417 மேலும் உடையாது. அதற்குக் காரணி இருந்தால் அதுவும் அதே 64இன் வரிசையில்தான் வர வேண்டும். அவற்றுள் சிறியது 6700417இன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 2588ஐத் தாண்டாது. 641 முதல் 2561 வரை அந்த வரிசையில் 31 எண்களே உள்ளன. அவற்றுள் முதன்மை எண்களை மட்டும் எடுத்து வகுத்துப் பாருங்கள், ஒன்றும் போகாது.