இடிபடவிருந்த வீடுகளை வரைந்த ஹெலன் அலிங்ஹாம்

கேள்வி: விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் கிராமப்புறத்தை வரைந்தவர்களில், அதிகம் பேசப்படாத ஓர் ஓவியரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஹெலன் அலிங்ஹாமைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் தெரியாமலேயே பலர் அவருடைய படங்களைப் பார்த்திருப்பார்கள். பாசி படிந்த ஓட்டுக் கூரை, வாசலில் பூச்செடிகள், வேலிப் படலைப் பிடித்தபடி குழந்தையோடு நிற்கும் ஒரு பெண். வாழ்த்து அட்டைகளிலும் காலண்டர்களிலும் வந்து வந்தே, ‘வெறும் அழகுப் படம்’ என்ற பெயர் அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீர்வண்ணம் பழகத் தொடங்கியபோது அவருடைய கூரை ஒன்றைப் பார்த்து வரைய உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயும் கூரை அமையவில்லை. பக்கத்துப் பக்கத்து ஓடுகள்கூட ஒரே நிறத்தில் இல்லை. முகடு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது. ஒரு மூலையில் பழைய ஓடுகளுக்கு நடுவே புது ஓடுகளைச் செருகியிருக்கிறார்கள். இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர் அழகை மட்டும் தேடியிருக்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

1848-இல் டெர்பிஷயரில் பிறந்தவர். தந்தை மருத்துவர். 1862-இல் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நோயாளிகளைக் கவனித்த அவரையும் ஹெலனின் சின்னத் தங்கையையும் அந்த நோயே கொண்டுபோய்விட்டது. ஹெலனுக்கு அப்போது வயது 13. ஓவியத்துக்கு வழிகாட்டியவர் சித்தி லாரா ஹெர்ஃபோர்ட். லண்டனின் ராயல் அகாதமி ஓவியப் பள்ளியில் பெண்களுக்கு இடம் தராத காலத்தில், தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு ஓவியத்தை அனுப்பினார் லாரா. ஆண் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1860-இல் அப்படித் திறந்த கதவு வழியாகத்தான் 1867-இல் ஹெலனும் உள்ளே போனார். படிக்கும்போதே பத்திரிகைகளுக்கு வரைந்து சம்பாதித்தார். 1874-இல் கார்ன்ஹில் இதழில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் நாவல் தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவரும் இவர்தான். தனக்கு வாய்த்த ஓவியர்களில் இவரே சிறந்தவர் என்று ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். அதே ஆண்டு, தன்னைவிட ஏறத்தாழ இருமடங்கு வயதான அயர்லாந்துக் கவிஞர் வில்லியம் அலிங்ஹாமை மணந்தார்.

1881-இல் குடும்பம் லண்டனை விட்டு சர்ரே மாவட்டத்தின் விட்லி கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய முக்கியமான படங்கள் அங்கேதான் பிறந்தன. ரயில் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. லண்டன் பணக்காரர்கள் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பல தலைமுறைகளாகக் கூலித் தொழிலாளிகள் குடியிருந்த மரச்சட்ட வீடுகளில் சில இடிபட்டன. சிலவற்றில் ஈயப்பட்டைகளால் கோத்த சின்னக் கண்ணாடிச் சன்னல்களைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். அந்த வீடுகளின் வாசலில் உட்கார்ந்துதான் ஹெலன் வரைந்தார். 1886-இல் சர்ரே வீடுகளை மட்டும் வைத்து லண்டனில் ஒரு கண்காட்சி நடத்தினார். அதன் பட்டியலுக்கு வில்லியம் எழுதிய குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது: படங்கள் வரையப்பட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன, அதற்குள் அந்த வீடுகளில் பல உருமாறிவிட்டன, சில இல்லாமலே போய்விட்டன.

அவர் வேலை செய்த விதமும் எனக்குப் பிடிக்கும். தட்டில் ஒன்பது வண்ணங்கள்தான். அவற்றில் பச்சையே கிடையாது. கோபால்ட் நீலத்தோடு மஞ்சள்களைக் கலந்தே அத்தனை இலைகளையும் புல்லையும் கொண்டுவந்தார். நீர்வண்ணத்தில் காகிதத்தின் வெண்மைதான் வெளிச்சம். வண்ணத்தால் மூடிவிட்டால் மீட்பது கடினம். அவர் காய்ந்த வண்ணத்தைச் சுரண்டியும், ஈரப் பஞ்சால் ஒற்றியும் அந்த வெண்மையைத் திரும்ப எடுத்தார். பூவிதழின் ஓரத்தில் தெரியும் மினுக்கம் பெரும்பாலும் அப்படி வந்தது.

குறைகளும் உண்டு. சன்னல் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், சில படங்களில் பழைய சன்னலையே திரும்ப வைத்து வரைந்துவிடுவார். அந்த வீடுகளுக்குள் இருந்த ஈரமும் நெருக்கடியும் பசியும் படத்துக்குள் வருவதில்லை. ஏப்ரன்கள் எப்போதும் வெளுத்தே இருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை அறிய அவரை மட்டும் நம்ப முடியாது. ஆனால் சுவரை எப்படி எழுப்பினார்கள், கூரை ஓடுகளை எப்படி வேய்ந்தார்கள், புகைபோக்கியை எங்கே வைத்தார்கள் என்று அறிய அவரைவிட நல்ல சாட்சி அரிது என்றே நினைக்கிறேன்.

1889-இல் வில்லியம் இறந்தார். அவர் விட்டுச்சென்றது சொற்பம். மூன்று பிள்ளைகளையும் தூரிகையை நம்பித்தான் வளர்த்தார் ஹெலன். மறு ஆண்டே, நீர்வண்ண ஓவியர்களின் சங்கமான ராயல் வாட்டர்கலர் சொசைட்டியின் முழு உறுப்பினரானார்; அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். வாங்குபவர்கள் வீடும் பூவும் கேட்டார்கள், அவரும் திரும்பத் திரும்ப அதையே வரைந்தார். பிற்காலப் படங்கள் ஒன்றுபோல இருப்பதாகக் குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1926-இல், விட்லிக்குப் பக்கத்திலிருக்கும் ஹேசல்மியரில் காலமானார்.

லண்டன் போக வாய்ப்பிருந்தால் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலுள்ள பர்க் ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அவருடைய படங்களின் பெரிய சேகரிப்பு அங்கே இருக்கிறது. பூக்களுக்குப் பிறகு போகலாம், முதலில் கூரையைப் பாருங்கள்.