மரம் வெட்டும், கிளை கழிக்கும் தொழிலுக்கு எல்லா வேலைக்கும் ஆகும்படி ஒரே லாரியை எப்படி அமைப்பது?

கேட்டவர் சொன்ன விவரம் இவ்வளவு: ஆட்கள் மூன்று பேர், லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிப்பர் மெஷின் (கிளைகளைச் சில்லாக அடிப்பது) ஒன்று, பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில் கிளை கழிக்கும் வேலை, மாதத்தில் ஓரிரு முறை முழு மரத்தையும் வெட்டி எடுக்கும் வேலை. டிப்பர், கிரேன், கருவிப்பெட்டி எல்லாம் ஒரே வண்டியில் வேண்டும் என்கிறார்.

நானும் இதே தொழில்தான். இதுவரை இரண்டு லாரிகளுக்குப் பாடி கட்டியிருக்கிறேன். முதல் லாரியில் ஆசைப்பட்டதையெல்லாம் ஏற்றிக் கெடுத்தேன். இரண்டாவதில் பாதியை வேண்டாம் என்று விட்டேன், அது இன்றும் ஓடுகிறது.

முதலில் பேப்பரை எடுத்து எடைக் கணக்கைப் போடுங்கள். படம் வரைவதெல்லாம் அப்புறம். உதாரணத்துக்கு, சரக்கோடு சேர்த்து 7,500 கிலோ வரை அனுமதி உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். கேபினும் சேஸிஸும் 3,000 கிலோ. டிப்பர் பாடி, அதன் ஹைட்ராலிக் ஜாக்கியோடு 1,200. கருவிப்பெட்டியும் உள்ளே இருப்பதும் 500. மூன்று ஆட்கள் 250. டீசல், தண்ணீர், சில்லறைச் சாமான் 100. மிச்சம் 2,450 கிலோ. கேபினுக்குப் பின்னால் ஒரு சின்ன கிரேனும் அதன் ஊன்றுகால்களும் வைத்தால் 700 கிலோ போய்விடும். அப்போது மரத்துக்கு மிஞ்சுவது 1,750 கிலோதான். பின்னால் இழுக்கும் சிப்பர் மெஷினால் கொக்கியில் விழும் பாரத்தை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இப்போது இதைச் சில்லுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். பச்சை மரத்தைச் சில்லாக அடித்தால், மரத்தையும் ஈரத்தையும் பொறுத்து ஒரு கனமீட்டர் சுமார் 300 முதல் 400 கிலோ இருக்கும். 350 என்று வைத்தால் 2,450 கிலோ என்பது 7 கனமீட்டர், 1,750 கிலோ என்பது வெறும் 5. நான் முதல் லாரிக்கு 12 கனமீட்டர் சில்லுப்பெட்டி கட்டச் சொன்னேன், 'பெருசா இருந்தா நல்லதுதானே' என்று. பெட்டி பெரிதாக இருந்தால் ஆட்கள் நிரப்பத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரமே எடைமேடையில் ஏற்றியபோது அளவுக்கு மேல் 2 டன். பின் ஸ்பிரிங் பட்டைகள் படிந்து, பெட்டி சக்கரத்தில் உரச ஆரம்பித்தது. சுமக்கக்கூடிய எடை எவ்வளவோ அவ்வளவு சில்லு பிடிக்கிற பெட்டி போதும். கட்டை ஏற்றும்போது அதையும் நிரப்பக் கூடாது. பச்சைக் கட்டை ஒரு கனமீட்டர் ஒரு டன்னை நெருங்கும்.

கிரேன் வேண்டுமா? உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பேன். சின்ன கிரேன் 2 மீட்டர் எட்டத்தில் தூக்குவதில் பாதியைக்கூட, 5 மீட்டர் கையை நீட்டினால் தூக்காது, அதன் கையின் எடையும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வீட்டுத் தோட்டத்தில் கட்டை கிடப்பது பெரும்பாலும் அந்த 5 மீட்டருக்கும் அப்பால்தான். மாதத்தில் இரண்டு நாள் வேலைக்காக மற்ற எல்லா நாளும் 700 கிலோவைச் சுமந்து திரிவானேன்? முழு மரம் வெட்டும் நாளில் கிரேன் வண்டியை வாடகைக்கு எடுங்கள். மற்ற நாட்களில் கட்டையைக் குட்டையாக அறுங்கள். 40 செ.மீ. தடிமன் உள்ள கட்டை 1 மீட்டர் நீளம் இருந்தால் 125 கிலோ, 40 செ.மீ. நீளமாக அறுத்தால் 50. பெட்டியின் முன்சுவரில் ஒரு வின்ச் (கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி), கூடவே இரண்டு சாய்வுப் பலகைகள். என்னிடம் இருப்பது இதுதான், நன்றாகவே போதுகிறது.

பெட்டி விஷயத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, காற்று. சிப்பர் மெஷின் சில்லோடு சேர்த்து நிறையக் காற்றையும் உள்ளே ஊதுகிறது. அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். என் முதல் பெட்டியை எல்லாப் பக்கமும் தகரம் அடித்து, கூரையும் போட்டு, ஓட்டையே இல்லாமல் கட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெஷினைப் போட்டதும் காற்று திரும்பி, தழையும் மிலாறும் தூளுமாகப் பின்னால் நின்றவர் முகத்தில் அடித்தது. சில்லு முன்சுவர் வரை போகாமல் வாசலிலேயே குவிந்தது. முன்பாதி காலி, பின்பாதி நிறைந்து வழிகிறது, அதற்கும் பின்னால் மெஷினின் பாரம் வேறு. அன்று திரும்பி வரும்போது ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. முன்சக்கரத்தில் பாரம் இல்லை என்று அர்த்தம். இரண்டாவது பெட்டியில் முன்சுவரின் மேல்பகுதியிலும் கூரையின் முன்பக்கத்திலும் வலை அடித்தேன், சில்லு நேராக முன்னால் போய் விழுகிறது.

பல வேலைக்கு ஆக வேண்டும் என்றால் பெட்டியை இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். கீழே 60 செ.மீ. உயரத்துக்கு, மடக்கி இறக்கக்கூடிய கெட்டியான பக்கப் பலகைகள். அதற்கு மேலே சில்லுக்கான உயரச் சுவர்கள், கழற்றி மாட்டும்படி. மேல்சுவரைக் கழற்றினால் கட்டை ஏற்றலாம், மண் கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொரு பலகையையும் இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்க முடிய வேண்டும். நான் முதலில் கனமான இரும்பில் போட்டு, மூன்று வருடத்தில் இரண்டே தடவைதான் கழற்றினோம். பின்கதவு மேலிருந்தும் தொங்க வேண்டும், பக்கவாட்டிலும் திறக்க வேண்டும். பெட்டியின் பின்வாய் முன்பக்கத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. அகலமாக இருக்கட்டும். பச்சைத் தழைச் சில்லு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பெட்டி 45 பாகை தூக்கினாலும் கொட்டாமல் ஒட்டி நிற்கும், பிறகு மொத்தமாகச் சரியும். அதனால் சரிவான தரையில் பெட்டியைத் தூக்கவே வேண்டாம். தூக்குமுன் தலைக்கு மேலே கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கிய பெட்டிக்கு அடியில் கிரீஸ் அடிக்கக் குனிவதானால் இரும்பு முட்டு கொடுத்தே ஆக வேண்டும், ஹைட்ராலிக்கை நம்பிக் குனியக் கூடாது.

கருவிப்பெட்டியைக் கேபினுக்கும் சில்லுப்பெட்டிக்கும் நடுவில், வண்டியின் முழு அகலத்துக்கும் வையுங்கள், இரண்டு பக்கமும் கதவோடு. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்று ரம்பம் எடுக்கும்படி ஆகக் கூடாது. இறங்கியதும் முதலில் கைக்கு வருவது எச்சரிக்கைக் கூம்புகளும் ஹெல்மெட்டும், அதற்குப் பக்கத்திலேயே முதலுதவிப் பெட்டி. செயின்சாக்களுக்கு, அதாவது மோட்டார் ரம்பங்களுக்கு, முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரம், அடியில் ஒரு தட்டு. எப்படி வைத்தாலும் செயின் ஆயில் சொட்டும். பெட்ரோல் கேன்களுக்குத் தனி அறை, காற்றுத் துவாரம் அடியிலேயே இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். ஏறும் கயிறுகள் அந்த அறைக்குப் பக்கத்திலோ பேட்டரிக்குப் பக்கத்திலோ இருக்கவே கூடாது. பேட்டரி ஆசிட் பட்டால் நைலான் கயிறு பலமிழந்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது. கயிற்றைக் கொக்கியில் தொங்கவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டித் திணிக்க வேண்டாம்.

விளக்கு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் பாடி கட்டுபவரே போட்டுவிடுவார்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் தரையில் சாக்கட்டியால் லாரியின் அளவைக் கோடு போடுங்கள். உங்கள் சாமான் அத்தனையையும் கொண்டுவந்து அந்தந்த இடத்தில் வைத்து, மூன்று ஆட்களையும் ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. நாங்கள் செய்தபோது ஏணியை மறந்தே போயிருந்தோம். அது கோட்டைத் தாண்டிச் சிப்பர் கொக்கி வரை நீட்டிக்கொண்டிருந்தது, அதனால்தான் என் லாரியில் ஏணிக்குக் கூரைமேல் ஒரு தாங்கி இருக்கிறது.