கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்காக வருடா வருடம் ஒரு தேர்வுத்தாளும் தயாரிக்கிறேன். சத்துணவு, பணம், சட்டம், நம் வரலாறு எல்லாம் கலந்த தாள் அது. அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை எல்லாருக்கும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் கோயில் இளைஞர் குழுவில் கல்லூரியில் படிப்பவர்கள் 40 பேர் இருக்கிறார்கள். நாங்களும் இப்படி ஒரு தேர்வு வைக்கலாம் என்று பார்க்கிறோம். எத்தனை கேள்வி வைப்பது? (பீனிக்ஸ் தம்பி)

பதில்: ஒரு துறைக்குக் குறைந்தது 10 கேள்வி வையுங்கள் தம்பி. மூன்று நான்கு கேள்விதான் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது வந்ததா தெரியாதது வந்ததா என்பது அதிர்ஷ்டமாகிவிடும். மூன்று துறை, 30 கேள்வி, முக்கால் மணி நேரம், அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், எல்லாவற்றையும் கூட்டி ஒரே மார்க்காகப் போடாதீர்கள். சத்துணவில் 9, பணத்தில் 2 எடுத்த பெண்ணும், இரண்டிலும் ஐந்தும் ஆறுமாக எடுத்த பையனும் கூட்டினால் ஒரே 11தான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு உடனே யாராவது பணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த 11-க்குள் மறைந்துபோகும்.

கேள்வி: பண விஷயத்தில் என்ன கேட்பது? பங்குச் சந்தை, ஜி.டி.பி. எல்லாம் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள். (சாட்ஸ்வொர்த் ஆசிரியை)

பதில்: அதெல்லாம் வேண்டாம் டீச்சர். அன்னமரியா லூசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் 2004-இல் ஒரு பெரிய ஆய்வுக்காக மூன்றே கேள்விகளை எழுதினார்கள், இன்றைக்கும் பல நாடுகளில் அதைத்தான் கேட்கிறார்கள். முதல் கேள்வியை நம் ஊர்ப் பணத்தில் இப்படிக் கேட்கலாம்: வங்கியில் 100 ராண்ட் போடுகிறாய், வருடத்துக்கு 2 சதவீதம் வட்டி, ஐந்து வருடம் தொடவே இல்லை, 102 ராண்டுக்கு மேல் இருக்குமா, சரியாக 102-ஆ, குறைவா? பதில் ‘மேல்’, கணக்குப் போட்டால் 110 ராண்ட் 41 சென்ட். ஆனால் கணக்கே போட வேண்டாம், வட்டி ஒருமுறையோடு நின்றுவிடாது என்று தெரிந்தால் போதும், அதுதான் அந்தக் கேள்வியின் அழகு. இரண்டாவது, வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏற்றம் 2 சதவீதம் என்றால் ஒரு வருடம் கழித்து அந்தப் பணத்துக்கு முன்னைவிட அதிகம் வாங்கலாமா குறைவாகத்தான் வாங்க முடியுமா. மூன்றாவது, ஒரே கம்பெனியின் பங்கை வாங்குவது, பல கம்பெனிப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதியில் போடுவதைவிடப் பத்திரமா.

இதோடு நம் ஊருக்கென்று ஒன்றை நான் கட்டாயம் சேர்ப்பேன். மஷோனிசாவிடம், அதாவது நம் பகுதியில் வட்டிக்குப் பணம் விடுபவரிடம், 500 ராண்ட் கடன், மாதம் 30 சதவீதம், மூன்று மாதம் கட்டவில்லை, வட்டிக்கு வட்டி ஏறுகிறது, எவ்வளவு ஆகும்? 1,098 ராண்டைத் தாண்டிவிடும். நிறையப் பிள்ளைகள் 950 என்று எழுதுவார்கள், மூன்று மாத வட்டியைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டிவிடுகிறார்கள். இதற்கு அடுத்த கேள்வியாக, கடன் கொடுத்தவர் உன் வங்கி அட்டையையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 2005-ஆம் வருடத் தேசியக் கடன் சட்டப்படி கூடாது. அடையாள அட்டையையும் வைத்துக்கொள்ளக் கூடாது. இது தெரியாமல் அட்டையைக் கொடுத்துவிட்டுத் திண்டாடும் பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கேள்வியை ஒரு வருடமும் விடுவதில்லை.

கேள்வி: சத்துணவுக்கு ஏதாவது தயார் கேள்வித்தாள் கிடைக்குமா? (உணவியல் படிக்கும் மாணவி)

பதில்: இங்கிலாந்தில் பார்மென்டர், வார்டில் என்ற இருவர் 1999-இல் ஒரு பொதுச் சத்துணவு அறிவு வினாத்தாள் செய்தார்கள், 2016-இல் அது புதுப்பிக்கப்பட்டது. என்ன சாப்பிடச் சொல்கிறார்கள், எதில் என்ன சத்து, கடையில் நிற்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த உணவுக்கும் எந்த நோய்க்கும் தொடர்பு என்று நான்கு பகுதி. அந்த நான்கையும் எடுத்துக்கொள்ளம்மா, உணவை மட்டும் மாற்று. நம் பிள்ளைகள் சாப்பிடுவது பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி), டின் பில்ச்சர்ட் மீன், சுகர் பீன்ஸ் கறி, மீலி (மக்காச்சோள) மாவுக் கஞ்சி. அதைக் கேள்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று சொல்கிறேன். மேசைக்கு ஒரு கோலா டின் வைத்துவிடுவேன், 330 மில்லி, படத்தைக் காட்டுவதில்லை, நிஜ டின். 100 மில்லிக்குச் சர்க்கரை 10.6 கிராம் என்று லேபிளில் இருக்கிறது, இந்த டின் முழுதும் குடித்தால் எத்தனை டீஸ்பூன்? போன வருடம் ஒரு பையன் டினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அந்த எண்ணைக் கண்டுபிடித்தான், 10.6-ஐ நான்கால் வகுத்து ‘இரண்டரை’ என்று எழுதிவிட்டு டினைக் கீழே வைத்தான். 100 மில்லிக்கு என்ற சொல்லின் மேலேயே அவன் கட்டைவிரல் இருந்தது. டினுக்கு 35 கிராம், கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். சர்க்கரை கெடுதல் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பான். லேபிளைப் படிக்கத்தான் வரவில்லை.

அதே டினை வைத்துப் பணக் கேள்வியும் கேட்கலாம். நம் நாட்டில் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தது இல்லையா, 100 மில்லிக்கு முதல் 4 கிராம் விலக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் ஆரம்பத்தில் 2.1 சென்ட். அப்போது இந்த டினுக்கு வரி எவ்வளவு வந்திருக்கும்? 100 மில்லிக்கு 6.6 கிராமுக்கு வரி, டினுக்கு ஏறக்குறைய 21.8 கிராம், அதாவது 46 சென்ட். சத்துணவும் வரியும் ஒரே டினில் வந்துவிடுகிறது பாருங்கள்.

கேள்வி: தெரியாமல் குத்துமதிப்பாக டிக் அடிக்கிறார்களே, தவறுக்கு மார்க் குறைக்கலாமா அக்கா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: குறைக்க ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு விடை கொடுத்தால், சரியானவற்றிலிருந்து தவறானவற்றின் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். 12 சரி, 6 தவறு, 2 விட்டுவிட்டான் என்றால் 10. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே 20-க்கு 5 கிடைத்துவிடும் என்பதால் அது நியாயம்தான். ஆனால் பயந்த பிள்ளை பாதி தெரிந்ததைக்கூட எழுதாமல் விட்டுவிடும், தைரியசாலி தப்பித்துக்கொள்வான், அதனால் நான் அதைச் செய்வதில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் கடைசி விடையாக ‘எனக்குத் தெரியாது’ என்று போடுங்கள், அதை டிக் செய்தால் மார்க் குறையாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவன் யார், தெரியாதவன் யார் என்று அப்போதுதான் பிரியும். தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவனோடுதான் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகன் மெட்ரிக்கில் (பள்ளி இறுதி ஆண்டில்) கணிதம் எடுக்கவில்லை, அன்றாடக் கணக்கைச் சொல்லித்தரும் மேத் லிட்டரசிதான். இந்த மாதிரித் தேர்வில் அவன் தோற்றுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, டோங்காட்)

பதில்: பயப்படாதீர்கள்ம்மா. வட்டி, சம்பளச் சீட்டு, வருமான வரி, வங்கிக் கணக்கறிக்கை எல்லாம் மேத் லிட்டரசியில் பாடமாகவே வருகிறது. சுத்தக் கணிதம் எடுத்த பிள்ளை வகைக்கெழு போடும், ஆனால் சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்தால் முழிக்கும். உங்கள் மகனை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கேள்வித்தாளைத் தமிழிலேயே வைத்தால் என்ன? மொழியும் வளரும் அல்லவா? (தமிழ் வகுப்பு ஆசிரியர்)

பதில்: ஆசை எனக்கும் உண்டு ஐயா, ஒருமுறை வைத்தும் பார்த்தேன். ‘புரதம் அதிகமுள்ள உணவு எது’ என்ற கேள்வியில் ஒரு பெண் அரிசியை டிக் செய்திருந்தாள். அப்புறம் பேசிப் பார்த்தால், அவள் வீட்டில் வாரம் மூன்று நாள் டால், அதில் புரோட்டீன் இருப்பது அவளுக்குத் தெரியும், ‘புரதம்’ என்ற சொல்தான் தெரியாது. அவள் சத்துணவில் தோற்கவில்லை, நான் என்னை அறியாமல் தமிழ்த் தேர்வு வைத்துவிட்டேன். இப்போது ஆங்கிலத்தில் கேட்டு, பக்கத்திலேயே தமிழையும் அச்சடிக்கிறேன். வரலாற்றுக் கேள்விகளில் மட்டும் தமிழ் கொஞ்சம் கூடுதலாக வரும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை முதலில் இங்கே கொண்டுவந்த ‘ட்ரூரோ’ கப்பல் எந்த வருடம் வந்தது என்று கேட்டால் 1860 என்று மனப்பாடமாக வரும். அது சென்னையிலிருந்து வந்தது, பத்து நாள் கழித்து வந்த ‘பெல்வடேர்’ கல்கத்தாவிலிருந்து வந்தது, அப்படியானால் எந்தக் கப்பலில் தமிழ், தெலுங்கு பேசியவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள், ஏன் என்று கேளுங்கள். யோசித்து எழுதுவார்கள்.

கேள்வி: நாம் கேட்ட கேள்வி நல்ல கேள்விதானா என்று எப்படித் தெரியும்? (முதல் கேள்வி கேட்ட அதே தம்பி)

பதில்: இதைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். தேர்வு முடிந்ததும் மொத்த மார்க்கில் மேலே இருக்கும் 27 சதவீதம், கீழே இருக்கும் 27 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், 40 பேரில் மேலே 11, கீழே 11. ஒவ்வொரு கேள்விக்கும் இந்த இரண்டு குழுவில் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். மேலே 9, கீழே 3 என்றால் நல்ல கேள்வி. மேலே 9, கீழே 8 என்றால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை. கீழே இருப்பவர்கள் அதிகம் சரியாக எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள்.

எனக்கு அது நடந்தது. வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீத வாட் (கடையில் வாங்கும் பொருளுக்கான வரி) உண்டா, இல்லையா? உண்டு என்பதுதான் சரி. பிரவுன் ரொட்டிக்குத்தான் வாட் இல்லை. 2019 ஏப்ரலில் வெள்ளை ரொட்டி மாவுக்கு வாட்டை எடுத்தார்கள், மேலே இருந்த பிள்ளைகள் அந்தச் செய்தியைப் படித்திருந்ததால் ரொட்டிக்கும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் சரியாக எழுதினார்கள். விசாரித்தபோது வீட்டுக்குச் சாமான் வாங்கப் போவது அவர்கள்தான், டில் ஸ்லிப்பை, அதாவது கடை ரசீதை, பார்த்துப் பழகியவர்கள். கேள்வியை நான் மாற்றவில்லை. அடுத்த வருடம் அது மாதிரி இன்னும் நான்கு சேர்த்தேன்.

கேள்வி: தேர்வு வைத்து விடை சொல்லிவிட்டால் போதுமா, மறுபடி வைக்க வேண்டுமா? (ஜோஹன்னஸ்பர்க்)

பதில்: மறுபடி வையுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. அதனால் அடுத்த வாரம், எண்களை மட்டும் மாற்றி, 10 கேள்வி போதும்.

கேள்வி: முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா?

பதில்: பெயரோடு வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கவரில் கொடுங்கள், எந்தத் துறையில் எவ்வளவு என்று பிரித்து. கோலா டின் பையனுக்கு அப்படித்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் அவன் தன் அம்மா வாங்கும் சீரியல் பெட்டியைக் கிழித்து, அந்த லேபிளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான், ‘அக்கா, இதில் ஒரு கிண்ணம் என்றால் எத்தனை கிராம், அதை எப்படி அளப்பது’ என்று கேட்டான்.